பங்கில்லாத வரி

கிலுகிலுவென்ற அந்தச் சத்தம் முப்பிடாதியின் இடது காதில்தான் விழுந்தது, ஏனென்றால் தொலைபேசி நிலையத்தில் தலையில் மாட்டிக்கொள்ளும் கருவிக்கு ஒரே ஒரு காதுதான் உண்டு, அதை அவள் இடது பக்கமாகவே மாட்டிப் பழகியிருந்தாள்; உளுந்தை முறத்தில் சரித்துச் சரித்துப் புடைப்பது போலத் தொடங்கி, ஆயிரம் கைக்குழந்தைகள் ஒரே நேரத்தில் கொலுசுக்காலை உதைப்பது போல வளர்ந்து, காற்று நின்றதும் நின்று, காற்று எழுந்ததும் எழுந்து, ஒரு மலைச்சரிவு முழுவதும் கம்பி வழியாக வந்து அவள் காதுக்குள் உட்கார்ந்துகொண்டது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, மாசி மாதம், மத்தியானம் மூன்று மணி. அவளுக்கு இருபத்துநாலு வயது.

சிலம்பனேரிக்கு அப்போது நாற்பத்தோரு இணைப்புகள் இருந்தன. ஏழாம் எண், ஊருக்கு மேற்கே சிலம்பன் பொத்தையின் இடுப்பில் இருந்த பழைய பங்களா. பொத்தை என்றால் பெரிய மலை இல்லை. மலையாகப் பாதி வழி வளர்ந்து, அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்ட பாறைக்குன்று. அங்கே முளைக்கிற செடிகளையெல்லாம் பட்டியல் எழுதுவதற்காகத் தாணுமாலயன் என்று ஒருவர் பதினோரு மாத உத்தரவில் வந்து அந்தப் பங்களாவில் தங்கியிருந்தார். வாரம் ஒரு முறை கோயம்புத்தூரில் இருந்த தன் ஆபீசுக்கு ட்ரங்க் கால் கேட்பார், முப்பிடாதி இணைத்துக் கொடுப்பாள், மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே வந்து, "மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா?" என்று கேட்பாள், அவர் "வேண்டாம்மா" என்பார். அவ்வளவுதான் பழக்கம்.

அன்றைக்கு அவள் வழக்கம்போல, "ஆபீசுக்கா சார்?" என்றாள்.

"இன்னைக்கு யாருக்கும் இல்லம்மா. நீங்க கேளுங்க" என்று சொல்லி, அவர் ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார்.

உள்ளூர் இணைப்புக்கு நிமிடக் கணக்கு கிடையாது என்றாலும் அவள் கண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. மூன்று நிமிடம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று, அவள் சொல்லவேண்டிய வாக்கியத்தைச் சொல்லவில்லை.

"கிலுகிலுப்பைக் காய்" என்றார் அவர் திரும்பி வந்து. "எல்லா ஊர்லயும் உண்டு. ஆனா இது வேற. இலைக்கு அடியில வெள்ளி பூசுன மாதிரி இருக்கு. இந்தப் பொத்தையத் தவிர எங்கயும் இதை யாரும் பாத்ததில்ல. எழுதி அனுப்பியிருக்கேன். அடுத்த வருஷத்துக்கும் பணம் குடுத்தாங்கன்னா சுத்தி ஒரு வேலி போட்டுருவேன்."

"குடுப்பாங்க சார்" என்றாள் முப்பிடாதி.

கொடுக்கவில்லை. பங்குனியில் உத்தரவு முடிந்தது. போகிற அன்று தகரப்பெட்டியோடு நிலையத்துக்கு வந்து கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். அவள் அவரைப் பார்த்தது அது ஒரே தடவை. குரலைவிட ஆள் ஒல்லியாக இருந்தார். "ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்றார். "அதெல்லாம் இல்ல சார்" என்றாள். பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பெண் பார்க்க வந்தவர்களுக்கு அவள் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்தன, எல்லாமே நியாயமாகவும் இருந்தன. நிலையம் தானியங்கியாயிற்று, அவள் வேறு ஊர்களுக்கு மாற்றலாகிப் போய்த் திரும்பி வந்தாள், அப்பா இறந்தார், ஓய்வூதியம் வந்தது. பொத்தையை யாரும் வெட்டவில்லை, யாரும் விற்கவில்லை. ஆடு மேய்ந்தது, கோடையில் தீ வைத்தார்கள், உண்ணிச்செடி கீழிருந்து முள்ளும் புதருமாக ஏறி ஏறி ஒரு நாள் உச்சிப்பாறையையும் மூடிவிட்டது. ஒவ்வொரு மாசியிலும் மத்தியானம் மூன்று மணிக்கு அவள் கொல்லைப்புறம் போய் நாற்காலி போட்டு, இடது காது மேற்கே இருக்கும்படி உட்காருவாள். வண்டிச் சத்தம் கேட்கும், ரேடியோ கேட்கும், பிறகு ரேடியோ போய் வேறு சத்தங்கள் வந்தன. பொத்தை பேசவில்லை. இப்படி நாற்பத்துநாலு வருடம்.

நாற்பத்தைந்தாவது வருடம் அவள் வீட்டு முன்னறைக்கு வாடகைக்கு வந்தவள்தான் ஜெபக்கனி. முப்பத்திரண்டு வயது, தாவரவியல் படித்தவள், வெளியூர் அமைப்பு ஒன்று இரண்டு வருடம் சம்பளம் கொடுத்துப் பொத்தையின் அரிய செடிகளைக் காக்க அனுப்பியிருந்தது. அவள் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை என்றாலும் ஊர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டது. பறித்து வந்த இலைகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து முப்பிடாதியின் அம்மிக்கல்லை மேலே தூக்கி வைத்துவிடுவாள். அம்மி கிடைக்காத நாளில் வீட்டில் சட்னி கிடையாது. அவளுடைய பட்டியலில் எழுபத்து மூன்று செடிகள். எழுபத்திரண்டை அவளே கண்ணால் பார்த்திருந்தாள். எழுபத்து மூன்றாவதை, பழைய அறிக்கை ஒன்றிலிருந்து எடுத்து எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள்.

"வெள்ளி இலைக் கிலுகிலுப்பை. பெரியம்மா, இதை ஒருத்தர் எழுபத்தெட்டுல பாத்திருக்கார். அதுக்கப்புறம் யாருமே பாக்கல."

முப்பிடாதி காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அது ஆறிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

இரண்டு வருடம் முடிகிற சித்திரையில் அந்த அமைப்பு, இனிப் பணம் இல்லை என்று கடிதம் அனுப்பியது. ஜெபக்கனி செய்தித்தாள்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். முப்பிடாதி அம்மிக்கல்லைப் பார்த்தாள், தகரப்பெட்டியை நினைத்தாள், புடவையை மாற்றிக்கொண்டு ஊர்க்கூட்டத்துக்குப் போனாள்.

அந்த வருடம் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு மூன்று நாளும் விடாத மழை. வில்லுப்பாட்டுக்காரர்கள் வரவில்லை, வாணவேடிக்கை நனைந்துபோயிற்று, வீட்டுக்கு வீடு வாங்கிய தலைக்கட்டு வரியில் பெரும்பகுதி மிஞ்சிவிட்டது. அதை என்ன செய்வது என்பதற்குத்தான் கூட்டம். பெண்கள் உட்காருகிற வழக்கம் இல்லை. அவள் வேப்பமரத்தடியில் நின்றபடியே, அந்தப் பணத்தில் டீச்சருக்கு ஊரே சம்பளம் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம் என்றாள்.

"செடி பாக்கதுக்குச் சம்பளத்துக்கு ஆளா? இந்த ஊர்ல மாடு பாக்கதுக்கே ஆளக் காணும்" என்றார் ரைஸ்மில் பால்வண்ணம். சிரிப்பு எழுந்தது.

நாட்டாண்மை கொம்பையா சிரிக்கவில்லை. "எக்கா, வெளையாடாத. வரின்னு ஒண்ணு வாங்குனா பங்குன்னு ஒண்ணு குடுக்கணும். கெடா வெட்டுனா கறிப்பங்கு. செடிக்கு என்னத்த வெட்டிக் குடுக்க?"

"அப்ப மிஞ்சுனத அவங்கவங்க வீட்டுக்குத் திருப்பிக் குடுத்துருதியா?"

"அம்மன் பேருல வாங்குனத எவன் வீட்டுக்குக் கொண்டு போவான்? கண்ணு அவிஞ்சுல்லா போவும்."

"அம்மன் பொத்தையப் பாத்துத்தான உக்காந்திருக்கா? அவ பாக்கதுக்கு அங்க என்ன மிச்சம் இருக்கு?"

கொம்பையா அம்மன் பார்க்கிற பக்கமே திரும்பிப் பார்த்தார், விஷயம் தீர்மானமாயிற்று. உடனே முப்பிடாதி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். "இது என் வீட்டு வரி."

கொம்பையா சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "ஒத்தப் பொம்பளைக்கு வரியும் கெடையாது, பங்கும் கெடையாதுக்கா. ஒங்க அப்பாவோட ஒங்க தலைக்கட்டு முடிஞ்சுட்டு. ஒனக்குத் தெரியாததா? லாபம்னு நெனச்சிக்க."

சுருக்குப்பை மறுபடியும் இடுப்புக்குப் போயிற்று.

வரி வாங்கிய பிறகு பங்கில்லாமல் விட ஊருக்கு மனம் வரவில்லை. பட்டியலைச் சீட்டுச் சீட்டாக வெட்டிப் பித்தளைக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். எழுபத்திரண்டு தலைக்கட்டும் ஆளுக்கு ஒன்று எடுத்து, வாசிக்கத் தெரியாத அந்தப் பெயர்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். ஆளுக்கு ஒரு செடியைக் கவனித்துக்கொள்வார்கள் என்று நினைத்து ஜெபக்கனியும் சந்தோஷமாக இருந்தாள். குடத்தின் அடியில் ஒரு சீட்டு மிஞ்சியது. அதை அவள் பிரிக்காமலே நோட்டுக்குள் வைத்தாள். எது என்று அவளுக்குத் தெரியும்.

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடியலில் வாசல் தெளிக்க வந்த பெண்கள், பங்குகள் வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். பொத்தையிலிருந்து ஊர் வரைக்கும் தார்ச்சாலையில் செம்மண் கோடுகள் நத்தை போன தடம் போல இழுபட்டிருந்தன. கோடு முடிகிற இடத்திலெல்லாம், சீட்டில் எழுதியிருந்தது எதுவோ அது, அந்த வாசலில் வேர் இறக்கி நின்றது. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, வரி கொடுத்தால் பங்கு வரத்தானே செய்யும். கேட்ட கேள்வியெல்லாம், கோலத்தை அதைச் சுற்றிப் போடுவதா அல்லது கொஞ்சம் தள்ளிப் போடுவதா என்பதுதான்.

கொம்பையாவுக்கு வந்தது இலையே இல்லாத, பெருவிரல் பருமனான சதைக்கொடி. அது அவருடைய புல்லட்டில் ஏறிக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டதால் அவர் எல்லா இடத்துக்கும் நடந்தே போய், சர்க்கரை குறைந்து, பத்து வயது இளைத்தார். பால்வண்ணத்துக்கு வந்த ஆர்க்கிட் நேரே மாடிக்குப் போய் டிவி டிஷ்ஷில் உட்கார்ந்து, கிரிக்கெட் ஓடுகிற நேரமெல்லாம் படத்தை மறைத்தது. ரேஷன் கடைச் செல்லத்தாய்க்கு விழுந்தது பூச்சி பிடித்துத் தின்கிற சின்னஞ்சிறு சிவப்புச் செடி. அவள் அதைச் சீனி மூட்டைக்குப் பக்கத்தில் குடிவைத்தாள், கடையில் அதன் பிறகு ஒரு ஈ கிடையாது. முள்செடி வந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் அது யாருடைய ராசிக்கு வந்தது என்று ஒரு மாதம் சண்டை போட்டார்கள். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்த வீட்டில், செடி மாதத்துக்கு ஒரு வாசலில் இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று, முதல் தேதி ஆனால் அதுவே கிளம்பி அடுத்த வாசலுக்குப் போயிற்று. கல்யாணப் பத்திரிகைகளில் செடிகளுக்கும் பெயர் போட்டார்கள். திருப்பூருக்குப் பிழைக்கப் போன வேலாண்டி குடும்பத்தோடு அவர்களுடைய செடியும் பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிற்று, "அதுக்கும் டிக்கெட்டா?" என்று கேட்டார் கண்டக்டர், "வழியனுப்ப வந்திருக்கு" என்றார்கள், அவர் விசில் கொடுக்கக் கொஞ்சம் தாமதித்தார்.

முப்பிடாதியின் வாசலில் மட்டும் கோலம் தனியாகக் கிடந்தது. அவள் தினமும் ஒரு பக்கமாக இடம் விட்டே அதைப் போட்டாள்.

ஊரே கொண்டாடிக்கொண்டிருக்க, ஜெபக்கனி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். "பொத்தையில ஒண்ணுமே இல்ல பெரியம்மா" என்றாள். "உண்ணிப்புதருக்கு நடுவுல எழுபத்திரண்டு குழி இருக்கு."

கார்த்திகையில் ஊர் முழுக்கப் பூத்தது. மஞ்சள், ஊதா, பெயர் சொல்ல முடியாத ஒரு தவிட்டு நிறம். சுற்றுப்பட்டி ஜனம் வேன் வைத்து வந்து பார்த்தது. மார்கழியில் பூவெல்லாம் உதிர்ந்தது. ஒன்றில்கூடப் பிஞ்சு இல்லை.

"இதுகளைத் தேடி வர்ற வண்டும் தேனீயும் பொத்தையைவிட்டு எறங்காது. இங்க இருந்தா வருஷா வருஷம் அழகாப் பூக்கும். காய்க்காது, வெதை விழாது. பெறகு ஒவ்வொண்ணா வயசாகிப் போயிரும்" என்றாள் ஜெபக்கனி.

முப்பிடாதி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தது.

தை மாதக் கூட்டத்தில் ஜெபக்கனி இதைச் சொல்லி, எல்லாவற்றையும் பொத்தைக்கே திருப்பி அனுப்பவேண்டும் என்றாள். சதைக்கொடியைத் தினமும் துடைத்துவிட்டுப் பழகியிருந்த கொம்பையாதான் முதலில் எழுந்தார்.

"பங்குன்னு வீட்டுக்கு வந்தத யாரும் திருப்பி அனுப்ப முடியாது டீச்சர். கறிப்பங்கத் திருப்புனா அம்மனையே வேண்டாம்னு சொன்ன மாதிரி."

"அப்ப பங்கே இல்லாத வரியாப் போடுங்க" என்றாள் முப்பிடாதி மரத்தடியிலிருந்து. "பழைய வரிக்கு வந்த பங்கு அம்மன்கிட்டயே போவட்டும். புது வரிக்கு ஒண்ணும் கெடையாது. டீச்சர் சம்பளம் மட்டுந்தான்."

பால்வண்ணம் திரும்பிப் பார்த்தார். "நல்லாருக்கே. ஒண்ணுமே கெடையாதுன்னு தெரிஞ்சு வரி எவன் குடுப்பான்?"

"நான் குடுக்கேன்."

"எக்கா, ஒனக்கு வரி—"

"எனக்குப் பங்கு கெடையாதுன்னுதான வரி கெடையாதுன்ன? இதுலதான் யாருக்குமே பங்கு கெடையாதே. பெறகு என்னத்தச் சொல்லி நிறுத்துவ?" சுருக்குப்பையை அவிழ்த்தாள். "நாப்பத்தேழு வருசமா ஒண்ணும் கெடைக்காதுன்னு தெரிஞ்சே இருந்திருக்கேன் கொம்பையா. பழகிரும். எழுதிக்க."

கொம்பையா ஊரைப் பார்த்தார். ஊர் வழக்கத்தைத் தேடிப் பார்த்தது. வழக்கத்தில் இதற்குத் தடை எதுவும் கிடைக்கவில்லை. அவள் பெயர் எழுபத்து மூன்றாவது தலைக்கட்டாக எழுதப்பட்டது. பெண்பிள்ளை எழுதின பிறகு தாங்கள் பின்வாங்குவது எப்படி என்று வெட்கப்பட்டே மற்றவர்கள் எழுதினார்கள். வெட்கத்தில் கொடுத்தாலும் சம்பளம் சம்பளம்தான்.

மறுநாள் காலையில் செடிகள் வாசல்களைவிட்டுக் கிளம்பின. மகளை மறுவீட்டுக்கு அனுப்புவது போல வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணீர் தெளித்து, மேளத்தோடு கூடவே போனார்கள். ஆனால் பொத்தையடிக்குப் போனதும் செடிகள் வரிசையாக நின்றுவிட்டன. உண்ணிப்புதர் சுவர் போல நின்றது. இறங்கி வரும்போது இடுக்கில் நுழைந்து வந்தவை, ஆறு மாதச் சாப்பாட்டில் பருத்து, ஏற வழியில்லாமல் நின்றன. ஒரு நாள் பார்த்தார்கள், இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கொம்பையா வேட்டியை மடித்துக் கட்டி வெட்டரிவாளோடு இறங்கினார். அம்மன் சப்பரம் வருகிறதென்றால் தெருவைச் செதுக்குவார்களே, அந்த அகலத்துக்கு, அந்த ஒழுங்கோடு, எழுபத்து மூன்று வீட்டு ஆண்களும் பெண்களும் உண்ணியை வேரோடு பறித்துப் பறித்து உச்சிவரை பாதை போட்டார்கள். பதினெட்டு நாள் ஆயிற்று. முப்பிடாதிக்கு முழங்கால் ஆகாது. அவள் மோர்ப்பானையோடு கீழே உட்கார்ந்திருந்தாள். செடிகள் அவளைத் தாண்டி ஏறிப் போயின, ஒவ்வொன்றும் தன் குழியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. அன்று ராத்திரி ஊரில் எல்லா வாசலும் காலியாக இருந்தது, பல வீடுகளில் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சித்திரையிலும் கொடைக்கு மழை பெய்தது. உண்ணி போன வெறும் மண்ணில், யாரும் கொண்டுவந்து நடாமல், வரிசையாகச் சில நாற்றுகள் தலைநீட்டின. ஜெபக்கனி தினமும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சில விதைகளுக்குத் தோல் கல் மாதிரி, அவை எத்தனை வருடமானாலும் மண்ணுக்குள் காத்துக் கிடக்கும், மேலே வெளிச்சம் விழுந்தால் முளைக்கும் என்று அவள் படித்திருந்தாள். படித்ததை நம்ப அவளுக்கு நாலாவது இலை தேவைப்பட்டது. அதைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் வெள்ளி.

மாசியில் ஒரு மத்தியானம் முப்பிடாதியின் செல்போன் அடித்தது.

"பெரியம்மா, பேச ஒண்ணும் இல்ல. இதைக் கேளுங்க."

அவள் போனை இடது காதில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஜெபக்கனி மூச்சு விட்டால் கேட்டது, பேசினால் கேட்டது, அவள் பேசாமல் இருந்தபோது கிணற்றுக்குள் போட்டது போல நிசப்தம். இந்தக் காலத்துப் போன்கள் மனிதக் குரலைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று வடிகட்டிவிடும் என்பது தொலைபேசியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவளுக்குத் தெரியும். ஆனாலும் மூன்று நிமிடம் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"கேட்டுச்சா பெரியம்மா?"

"அங்கேயே இரு. வாரேன்" என்றாள்.

சப்பரப்பாதையில் அவள் ஏற ஆரம்பித்ததைப் பார்த்துக் கொம்பையா ஓடி வந்தார். "எக்கா, நில்லு, நாலு பேரக் கூப்பிடுதேன், தூக்கிட்டுப் போறோம்."

"செத்த பெறகு தூக்குங்கல. இப்ப வழிய விடு."

ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது, காற்றும் நின்றுவிட்டது. பதினோரு செடிகள், இடுப்புயரம். காய்கள் வற்றிக் கறுத்துத் தொங்கின. ஜெபக்கனி ஒரு கிளையைக் குலுக்கக் கையை நீட்டினாள். முப்பிடாதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். தானா வரட்டும்."

காத்திருந்தார்கள். கீழே ஊரில் யார் வீட்டிலோ தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது. பிறகு பாறையின் அந்தப் பக்கத்திலிருந்து காற்று எழுந்து வந்தது; பதினோரு செடிகளும் கிலுகிலுத்தன. மலைச்சரிவு இல்லை அது, ஆயிரம் கொலுசு இல்லை. ஒரே ஒரு குழந்தை, எழுந்து நடக்கலாமா என்று யோசிக்கிற குழந்தை. முப்பிடாதி இடது பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் உதடு அசைந்தது. "மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா?" என்று மிகவும் பழைய, மரியாதையான ஒரு குரலில் கேட்டாள், பதிலுக்குக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு தானே, "நீட்டிக்கோங்க" என்றாள்.

இறங்கி வருகிற வழியில், எழுபத்தெட்டில் இந்தச் செடியைப் பார்த்து எழுதியவர் என்ன ஆனார் என்று விசாரித்துச் சொல்லமுடியுமா என்று ஜெபக்கனியிடம் கேட்டாள். ஜெபக்கனி நாலைந்து கடிதம் எழுதினாள், பங்குனியில் பதில் வந்தது. தாணுமாலயனுக்கு அதற்குப் பிறகு செடி சம்பந்தமான வேலை எதுவும் கிடைக்கவில்லை. வள்ளியூரில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார், தொண்ணூற்றெட்டில் இறந்தார்.